சீன உயர்நிலைப் பள்ளி மாணவரின் ஆங்கிலக் கேட்டல், வாசிப்புத் திறனை அளக்கும் தேர்வைத் தயாரிப்பது எப்படி?

சீன உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கும் ஒருவரிடம் வாராந்தரத் தேர்வு, மாதத் தேர்வு என்று ஏதேனும் ஒரு வினாத்தாளைத் தயாரிக்கும் பொறுப்பு விரைவிலேயே வந்து சேரும். பழைய வினாத்தாள்களிலிருந்து வினாக்களை எடுத்துத் தொகுத்துவிடுவது எளிது. ஆனால் அப்படித் தொகுத்த தாள் மாணவருக்கு ஒரு மதிப்பெண்ணைத் தருமே தவிர, அவருக்கு எது புரியவில்லை என்பதை ஆசிரியருக்குச் சொல்லாது. ஒவ்வொரு வினாவையும் எழுதும்போது, இதற்கு ஒரு மாணவர் தவறாக விடையளித்தால் அந்தத் தவறிலிருந்து எனக்கு என்ன தெரியவரும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த விளக்கம் முழுவதும் அந்தக் கேள்வியையே அடிப்படையாகக் கொண்டது. தேர்வு தயாரிப்பில் முன்னனுபவம் இல்லாதவர்களும் பின்பற்றக்கூடிய வகையில் படிகளை வரிசையாகத் தருகிறேன்.

படி 1: காவ்காவ் தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

சீனாவில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு மூன்று ஆண்டுகள் நடக்கிறது. அதன் முடிவில் ஜூன் 7, 8 தேதிகளையொட்டி வரும் உயர்கல்வி நுழைவுத் தேர்வைக் காவ்காவ் என்கிறார்கள். மாணவர்கள் தங்கள் நேரத்தையும் பயிற்சியையும் இந்தத் தேர்வை வைத்தே திட்டமிடுவதால், உங்கள் தாளின் வடிவம் அதிலிருந்து பெரிதும் விலகியிருந்தால், ஆங்கிலத்தைவிட வடிவத்தைப் புரிந்துகொள்வதற்கே அவர்கள் நேரத்தைச் செலவிட நேரும்.

தேசிய வினாத்தாளில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண்கள், நேரம் 120 நிமிடங்கள். கேட்டல் பகுதியில் 20 வினாக்களுக்கு 30 மதிப்பெண்கள். அதில் முதல் ஐந்து குறு உரையாடல்கள் ஒரே ஒருமுறை ஒலிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினா. விடையளித்து அடுத்த வினாவைப் படித்துக்கொள்ள 10 விநாடிகள் கிடைக்கும். அதன் பின்னர் வரும் ஐந்து நீண்ட ஒலிப்பகுதிகள் இரண்டு முறை ஒலிக்கும். அவற்றுக்கு 15 வினாக்கள். கேட்பதற்கு முன் வினா ஒன்றுக்கு 5 விநாடியும், கேட்ட பின் 5 விநாடியும் தரப்படும். எல்லா வினாக்களுக்கும் மூன்று விடைத்தெரிவுகளே இருக்கும். வாசிப்புப் பகுதிக்கு 50 மதிப்பெண்கள்: நான்கு பத்திகளைப் படித்து நான்கு தெரிவுகள் கொண்ட 15 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும், மேலும் ஒரு பத்தியின் ஐந்து வெற்றிடங்களை ஏழு வாக்கியங்களிலிருந்து தேர்ந்து நிரப்ப வேண்டும்.

இந்த அமைப்பு எல்லா இடங்களிலும் ஒன்றல்ல. பெய்ஜிங்கில் கேட்டலும் பேச்சும் இணைந்த 50 மதிப்பெண் பகுதி கணினி வழியே தனியாக நடக்கிறது. அதை ஆண்டுக்கு இருமுறை எழுதி, உயர்ந்த மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்ளலாம். ஆகவே உங்கள் பள்ளி எந்த மாகாணத்தில் இருக்கிறதோ அங்குள்ள நடைமுறையை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 2: எதை அளக்கப் போகிறீர்கள் என்று எழுதிவையுங்கள்

வினா எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் திட்டவரைவு தயாரியுங்கள். இடப்பக்கத்தில் திறன்களையும் (குறிப்பிட்ட தகவலைப் பிடித்தல், பேசுபவரின் நோக்கத்தை உணர்தல், மையக்கருத்தை அறிதல், அறியாத சொல்லின் பொருளைச் சூழலால் ஊகித்தல், சொல்லாமல் விட்டதை உய்த்துணர்தல்), மேற்பக்கத்தில் பகுதிகளையும் எழுதி, எந்தத் திறனுக்கு எத்தனை வினாக்கள் என்று கட்டங்களில் நிரப்புங்கள். இதைச் செய்யாத தாள்களில் தகவல் பிடிக்கும் வினாக்களே நிறைந்துவிடுகின்றன, ஏனெனில் எழுதுவதற்கு எளியவை அவைதாம்.

சொல்வளத்தின் எல்லையை 2017-இல் வெளியாகி 2020-இல் திருத்தப்பட்ட உயர்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டத் தரநூலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதுவோர் ஏறத்தாழ 3000 சொற்களை அறிந்திருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. முதலாண்டு மாணவருக்கு மூன்றாம் ஆண்டுக்குரிய பத்தியைத் தருவது சோதனையாகாது.

படி 3: கேட்டல் பகுதியைப் பேச்சாகவே எழுதுங்கள்

இந்தப் படியில்தான் அதிகக் கவனம் தேவை. தொடக்கநிலையினர் பலரும் ஒரு கட்டுரைப் பத்தியை எடுத்து, அதை இருவர் மாறி மாறிப் படிப்பதுபோல் பதிவுசெய்துவிடுகிறார்கள். அது காதால் செய்யும் வாசிப்பே. உண்மையான பேச்சில் தயக்கம் இருக்கும், திருத்தம் இருக்கும், முதலில் சொன்னதைப் பின்னர் மாற்றிச் சொல்வது இருக்கும். அந்த மாற்றத்தின்மீதே வினாவை அமையுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. இன்று பிற்பகல் நூலகத்துக்கு வருகிறாயா என்று ஒரு மாணவி கேட்கிறார். வருவதாகத்தான் இருந்தேன், ஆனால் இயற்பியல் ஆசிரியர் வகுப்பை மூன்று மணிக்கு மாற்றிவிட்டார், இரவு உணவு முடிந்த பிறகு வருகிறேன் என்கிறார் மாணவர். இதை ஆங்கிலத்தில் பதிவுசெய்து, 'மூன்று மணிக்கு அந்த மாணவர் எங்கே இருப்பார்?' என்று கேட்டு, நூலகம், வகுப்பறை, உணவுக்கூடம் என்று மூன்று தெரிவுகளைத் தாருங்கள். 'நூலகம்' உரையாடலிலேயே ஒலிக்கிறது. உணவைப் பற்றிய பேச்சு உணவுக்கூடத்தை நினைவூட்டுகிறது. ஆகவே ஏதோ ஒரு சொல் காதில் விழுந்ததை மட்டும் வைத்து விடையைத் தொட முடியாது. நூலகம் என்று எழுதியவர் முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டார் என்பதும், உணவுக்கூடம் என்று எழுதியவர் கடைசிச் சொற்களைப் பற்றிக்கொண்டார் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். தவறான தெரிவுகள் இப்படி ஏதேனும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

விடைத்தெரிவுகளைச் சுருக்கமாக வையுங்கள். ஒவ்வொரு தெரிவும் பதினைந்து சொற்கள் நீண்டால், 5 விநாடிகளில் அவற்றைப் படித்து முடிப்பவரே வெல்வார். கேட்டல் சோதனை வேக வாசிப்புச் சோதனையாக மாறிவிடும்.

ஒலிகளைப் பொறுத்தவரை சீன மாணவர் எங்கே தடுமாறுவார் என்பதைத் தெரிந்துகொள்வது உதவும். பொதுச்சீன மொழியில் (மாண்டரின்) ஓர் அசை உயிரொலியிலோ மூக்கொலியிலோ, சில இடங்களில் நாவை மடித்த ரகரத்திலோதான் முடியும். க், ட், ப் போன்ற அடைப்பொலியில் முடிவதே இல்லை. தமிழிலும் சொல்லின் இறுதியில் வல்லின மெய் வராது என்பதால் இது நமக்கு எளிதில் விளங்கும். நாம் ஓர் உகரத்தைச் சேர்த்துச் சமாளிக்கிறோம். ஆங்கிலப் பேச்சில் இறுதி அடைப்பொலிகள் பெரும்பாலும் வெடிக்காமல் அடங்கிப்போகும், அல்லது அடுத்த சொல்லோடு இணைந்துவிடும். அந்த இடங்களில் சொல்லின் எல்லையே மாணவருக்குத் தெரியாமல் போகிறது. எண்களும் அப்படியே. காவ்காவ் கேட்டல் தாளில் பல்லாண்டுகளாக அச்சாகிவரும் மாதிரி வினா, ஒரு சட்டையின் விலை என்ன என்பதுதான். அதன் தெரிவுகள் 19.15, 9.18, 9.15 பவுண்டுகள். ஃபிஃப்டீனுக்கும் ஃபிஃப்டிக்கும் உள்ள வேறுபாடு அழுத்தம் விழும் இடத்திலும் அந்த இறுதி மூக்கொலியிலும் இருப்பதால், இத்தகைய இணைகளைக் கொண்டு ஓரிரு வினாக்கள் அமைப்பது நியாயமானது. தாள் முழுவதையும் எண் வினாக்களால் நிரப்புவது நியாயமன்று.

படி 4: பதிவும் வகுப்பறையும்

இயல்பான வேகத்தில் பேசும் ஓர் ஆண் குரலையும் ஒரு பெண் குரலையும் பயன்படுத்துங்கள். இருவரும் ஒரே பாலினத்தவராக இருந்தால் யார் எதைச் சொன்னார் என்பதே ஒரு கூடுதல் சிக்கலாகிவிடும். மாணவர்கள் பழகியவை பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகளே. நம் ஊரிலிருந்து சென்ற ஆசிரியர் தம் குரலிலேயே பதிவுசெய்தால், மாணவர் அறியாத புது உச்சரிப்பு அவர்களின் மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும். வகுப்பில் பல உச்சரிப்புகளைக் கேட்கப் பழக்குவது நல்லது. தேர்வில் அதை அறிமுகப்படுத்தக் கூடாது.

தேர்வுக்கு முந்தைய நாள் வகுப்பறையின் ஒலிபெருக்கியைப் போட்டு, கடைசி வரிசை மூலையில் அமர்ந்து கேட்டுப்பாருங்கள். காவ்காவ் நாளில் பல நகரங்கள் தேர்வு மையங்களைச் சுற்றி வாகன ஒலிப்பான்களைத் தடைசெய்கின்றன; பள்ளித் தேர்வில் அந்த வசதி கிடைக்காது, ஆகவே விளையாட்டு வகுப்பு நடக்காத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பதிவின் முடிவில் விடைகளை விடைத்தாளில் நிரப்ப இரண்டு நிமிடம் தர மறக்காதீர்கள்.

படி 5: வாசிப்புப் பத்திகளைத் தேர்ந்தெடுத்தல்

காவ்காவ் பத்திகள் பொதுவாக எளிமையிலிருந்து கடுமைக்குச் செல்கின்றன. முதலாவது அறிவிப்பு, சுற்றுலாக் கையேடு போன்ற பயன்பாட்டு உரை. அடுத்தது பெரும்பாலும் ஒருவரின் அனுபவம். பிற்பகுதியில் அறிவியல், சமூகம் சார்ந்த விளக்க உரைகள் வரும். இதே வரிசையைப் பின்பற்றுங்கள். ஆங்கில இதழ்களிலிருந்து எடுத்துச் சுருக்கும்போது, கடினச் சொற்களை எல்லாம் நீக்கிவிடாதீர்கள்; சூழலால் ஊகிக்கக்கூடிய ஓரிரண்டை விட்டுவைத்தால் அவையே நல்ல வினாக்களாகும்.

படி 6: பத்தி இல்லாமல் விடை கிடைக்கிறதா என்று பாருங்கள்

சீன மாணவர்கள் ஆயிரக்கணக்கான பலவுள் தெரிவு வினாக்களைப் பயிற்சி செய்தவர்கள். பத்தியைத் தொடாமல், தெரிவுகளின் போக்கைப் பார்த்தே விடையைக் கண்டுவிடுவதில் பலர் தேர்ந்திருக்கிறார்கள். மிக நீண்ட தெரிவு, 'எப்போதும்', 'ஒருபோதும்' போன்ற சொற்கள் இல்லாத நிதானமான தெரிவு, பொதுநன்மையைப் பேசும் தெரிவு ஆகியவை சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை; அவர்களுக்கு வாய்த்த தேர்வுகள் கற்றுக்கொடுத்த பாடம் அது. அந்தப் பழக்கம் பலிக்காத வினாவை எழுதுவது நம் கடமை.

எடுத்துக்காட்டாக, மலைக் கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுசெல்லும் ஒரு நடமாடும் நூலகப் பேருந்தைப் பற்றிய பத்தி என்று வைத்துக்கொள்வோம். நூலகர் பன்னிரண்டு நிறுத்தங்களை ஐந்தாகக் குறைக்கிறார். காரணம், ஒவ்வோர் ஊரிலும் அதிக நேரம் தங்கி முதியவர்களுக்குப் படித்துக் காட்ட விரும்பினார். 'ஏன் குறைத்தார்?' என்று கேட்டு, எரிபொருள் செலவைத் தவறான தெரிவாக வையுங்கள். பொது அறிவு அந்தத் தெரிவைத்தான் சுட்டும்; பத்தியைப் படித்தவர் மட்டுமே அதைத் தள்ளுவார்.

வினாக்களை எழுதி முடித்ததும், பத்திகளைத் தராமல் வினாக்களை மட்டும் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து விடையளிக்கச் சொல்லுங்கள். அவர் சரியாகச் சொன்ன வினாக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தற்செயலாக அமையாதவற்றைத் திருத்தி எழுதுங்கள்.

ஏழில் ஐந்தைத் தேரும் பகுதியில் ஓர் எச்சரிக்கை மட்டும் போதும். ஒரு வாக்கியத்தைத் தவறான இடத்தில் வைத்தவர், அதன் உரிய இடத்தையும் இழப்பார். ஒரு பிழைக்கு இருமுறை மதிப்பெண் போகும். ஆகவே ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் முன்பின் வாக்கியங்களில் சுட்டுச்சொல், இணைப்புச்சொல் போன்ற தெளிவான பிடிமானம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: மதிப்பெண்ணை விளக்குதல்

முதலில் ஊகத்தின் பங்கைக் கழித்துப் பாருங்கள். மூன்று தெரிவுகள் கொண்ட 20 வினாக்களுக்கு ஒலிப்பதிவையே கேட்காமல் குறிப்பவருக்கும் சராசரியாக ஆறு அல்லது ஏழு விடைகள் சரியாகும்; அதாவது 30-க்கு ஏறத்தாழ 10 மதிப்பெண். ஆகவே கேட்டலில் 10 வாங்கியவர் மூன்றில் ஒரு பங்கைப் புரிந்துகொண்டார் என்று பெற்றோரிடம் சொல்லக் கூடாது.

அடுத்து வினாப் பகுப்பாய்வு. 48 பேர் கொண்ட வகுப்பில் ஒரு வினாவுக்கு 30 பேர் சரியாக விடையளித்தால் அதன் கடின நிலை 30-ஐ 48-ஆல் வகுத்த 0.63. இந்த எண் உயர உயர வினா எளிது என்று பொருள். பிறகு மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரையும் பிரித்தெடுங்கள். இங்கே குழுவுக்கு 13 பேர். மேல்குழுவில் 12 பேரும் கீழ்க்குழுவில் 5 பேரும் சரியாக எழுதியிருந்தால், வேறுபாடான 7-ஐ 13-ஆல் வகுக்க 0.54 கிடைக்கும். இதுவே வேறுபடுத்தும் திறன், அதாவது தேர்ந்தவரையும் பின்தங்கியவரையும் அந்த வினா எவ்வளவு பிரித்துக்காட்டுகிறது என்பதன் அளவு. 0.3-க்கு மேல் இருந்தால் வினா நன்றாகச் செயல்படுகிறது; 0.2-க்குக் கீழே இருந்தால் திருத்த வேண்டும். எதிர்மறையாக வந்தால் விடைக்குறிப்பே தவறாக இருக்கலாம், உடனே சரிபாருங்கள். யாருமே தேர்ந்தெடுக்காத தெரிவு இருந்தால், அந்த மூன்று தெரிவு வினா உண்மையில் இரண்டு தெரிவு வினாவாகவே நடந்திருக்கிறது. இந்தக் கணக்குகளைச் சாதாரண எக்செல் தாளிலேயே செய்துவிடலாம்.

படி 8: அதே ஒலியை எழுத்தாகக் கொடுத்துப் பாருங்கள்

கேட்டல் பகுதியில் பலரும் தவறிய ஒலிப்பகுதியைத் தேர்வு முடிந்த மறுநாள் எடுத்துக்கொள்ளுங்கள். விடையைச் சொல்லாமல் அதன் எழுத்து வடிவத்தை மாணவர்களிடம் கொடுத்து, அதே வினாவுக்கு மீண்டும் விடையளிக்கச் சொல்லுங்கள். வாசித்ததும் சரியாகச் சொல்லும் மாணவருக்குச் சொற்கள் தெரியும். பேச்சின் ஓட்டத்தில் அவற்றைப் பிரித்தறியக் காது இன்னும் பழகவில்லை. அவருக்குக் குறுகிய ஒலித்துண்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதும் பயிற்சி தேவை. வாசித்த பின்னும் தவறுபவருக்கு எத்தனை முறை ஒலிபரப்பினாலும் பயனில்லை. அவருக்கு வேண்டியது சொல்வளமும் வாக்கிய அமைப்பும். கேட்டல் தேர்வில் 15 என்ற ஒரே மதிப்பெண்ணோடு அருகருகே அமர்ந்திருக்கும் இருவருக்கு அடுத்த வாரம் வெவ்வேறு பயிற்சித் தாள்களைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது இந்தப் பத்து நிமிடச் சோதனையில்தான் தெரியவரும்.