பழைய பேருந்தை நடமாடும் வீடாக மாற்றுவது எப்படி: சுவருக்குப் பின்னால் செய்ய வேண்டியவை

பழைய பேருந்தை வாங்கி வீடாக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் வரைவது கட்டிலும் அடுப்படியும் எங்கே வரும் என்ற படத்தைத்தான். அந்தப் படத்தைச் சில மாதங்களுக்கு ஓரமாக வைத்துவிடலாம். பேருந்து வீட்டில் குடியேறியவரைத் துன்பப்படுத்துபவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் மரவேலையில் இருப்பதில்லை. தரைப் பலகைக்கு அடியில் விட்டுவைத்த துரு, கூரையின் ஒட்டில் கசியும் நீர், தகட்டின் விளிம்பில் உரசிக்கொண்டிருக்கும் வயர் ஆகியவையே தொல்லை தருகின்றன. சுவரை மூடிய பிறகு அவற்றைச் சரிசெய்யக் கட்டியதையெல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி மறையப்போகும் வேலைகளுக்கே அதிக இடம் தருகிறது.

வாங்குவதற்கு முன்

பயணிகள் பேருந்தாகப் பதிவான வண்டியைக் குடியிருப்பு வண்டியாகப் பதிவு மாற்ற முடியுமா, அதற்கு நிலையான கட்டில், சமையல் வசதி போன்ற எவை கட்டாயம், அந்த எடையுள்ள வண்டியை ஓட்ட எந்த வகை உரிமம் தேவை என்பவை நாட்டுக்கு நாடு வேறுபடும். பணம் கொடுப்பதற்கு முன்பே இவற்றைப் பதிவு அலுவலகத்திலும், மாற்றியமைத்த வண்டிக்குக் காப்பீடு தருவார்களா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழி உறுதிகள் பின்னால் உதவுவதில்லை.

உட்புற உயரத்தை நீங்களே அளந்து பாருங்கள். தரையில் 25 மி.மீ. வெப்பத்தடுப்புப் பலகையும் 12 மி.மீ. பிளைவுட்டும், கூரையில் அதேபோல 25 மி.மீ. தடுப்பும் 6 மி.மீ. மேற்பலகையும் வைத்தால் ஏறத்தாழ 7 செ.மீ. உயரம் குறைந்துவிடும். இப்போது தலை தட்டாமல் நிற்க முடிகிறது என்பதால், வேலை முடிந்த பின்னும் அப்படியே நிற்க முடியும் என்று நம்பிவிடக் கூடாது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் முதலில் முடுக்கிப் பார்க்க வேண்டும். நீங்கள் போய்ச் சேரும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், விற்பவரிடம் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வருவது நல்லது. சூடேறிய பின்னும் தொடரும் வெள்ளைப் புகை, குளிர்விப்பு நீர் எரிகலனுக்குள் புகுவதைக் காட்டலாம். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்காததையும் சுட்டும். ஏர் பிரேக் உள்ள வண்டியில் காற்றழுத்தம் முழுமையாக ஏறியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று கவனித்தபடி, அடியில் எங்காவது காற்று சீறும் ஓசை கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்கள் அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் உற்பத்தியான டயர். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பரில் வெடிப்பு விழுந்த பழைய டயர்களுக்கு மாற்றுச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம். எஞ்சினை மாற்றலாம், கியர்பெட்டியை மாற்றலாம். உளுத்துப்போன சட்டத்தை மாற்றுவது வேறொரு வண்டி வாங்குவதற்குச் சமம். வண்டிக்கு அடியில் படுத்து, குறுக்குச் சட்டங்களையும் சக்கர வளைவுகளையும் படிக்கட்டுப் பள்ளத்தையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; உளுத்த இரும்பு மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்க்கும். விற்பனைக்கு முன் அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தால், அதைப் பராமரிப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாமல் இன்னும் அழுத்தித் தட்டிப் பார்ப்பதே என் பரிந்துரை.

பிரித்தெடுத்தலும் துருவும்

இருக்கைகளின் போல்ட்டுகள் பெரும்பாலும் துருவேறி இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு வைத்து, வண்டிக்கு அடியில் ஒருவர் நட்டைப் பிடித்துக்கொள்ள, உள்ளே மற்றவர் திருக வேண்டும். அப்படியும் அசையாதவற்றை ஆங்கிள் கிரைண்டரால் அறுக்கலாம். ஆனால் அந்த இடத்துக்கு நேர் கீழே டீசல் குழாயோ காற்றுக் குழாயோ வயர் கட்டோ செல்லவில்லை என்பதைக் குனிந்து பார்த்து உறுதிசெய்த பின்னரே அறுக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பேருந்தின் பழைய வயர்களை எதற்குரியவை என்று தெரியாமல் வெட்டாதீர்கள். ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டிப் படமெடுத்து வைத்தால், பின்விளக்கு ஏன் எரியவில்லை என்று ஒரு வாரம் தேட நேராது.

தரைப் பலகையை முழுவதுமாக அகற்றுங்கள். மேலே நன்றாகத்தான் இருக்கிறது என்று அதன்மீதே புதிய தரையைப் போடுபவர்கள் உண்டு. பல ஆண்டுகளாகப் பயணிகளின் ஈரக் காலணிகளில் இருந்து இறங்கிய நீர் எங்கே தங்கியது என்பதைப் பலகையைத் தூக்கினால்தான் காண முடியும். மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவை நிலையான படலமாக மாற்றும் துருமாற்றி பூசி, அதன்மேல் எபாக்சி பிரைமர் அடித்தால் போதும். ஓட்டை விழுந்த இடத்தில் பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டைப் பற்றவைக்க வேண்டும். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி இணைப்பையும், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருந்தால் அவற்றின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். இருக்கை போல்ட்டுகள் இருந்த துளைகள் ஒவ்வொன்றையும் அடைப்பது சலிப்பூட்டும் வேலைதான். என்றாலும் சாலை நீரும் புகையும் உள்ளே வர அவற்றில் ஒன்றே போதும்.

அடுத்தது கசிவுச் சோதனை. ஒருவர் வெளியே குழாயால் நீர் பாய்ச்ச, மற்றவர் உள்ளே டார்ச் விளக்குடன் நிற்க வேண்டும். நீரைக் கீழ்ப்பகுதியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே கொண்டுபோனால்தான் எந்த உயரத்தில் கசிவு தொடங்குகிறது என்பது புலப்படும். மேலிருந்து ஊற்றினால் எல்லா ஒட்டுகளும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். நீர் சொட்டும் இடம் அது நுழைந்த இடமாக இருக்க வேண்டியதில்லை, சட்டத்தின் வழியே வெகுதூரம் ஓடி வந்திருக்கக்கூடும். கூரை ஒட்டுகளுக்குச் சாதாரண சிலிக்கானைத் தவிர்த்து, பாலியூரித்தேன் சீலன்ட்டைப் பயன்படுத்துங்கள். சிலிக்கானின் மேல் வண்ணம் ஒட்டாது, பின்னாளில் பூசும் எதுவும் சரியாகப் பிடிக்காது.

வெப்பமும் ஈரமும்

பேருந்தின் இரும்பு விலாச் சட்டங்கள் வெளிவெப்பத்தை உள்ளேயும் உள்வெப்பத்தை வெளியேயும் கடத்துகின்றன. சட்டங்களுக்கு இடையில் எவ்வளவு தடித்த தடுப்பை வைத்தாலும், சட்டத்தின் முகத்தை வெறுமையாக விட்டால் அந்த வழியே வெப்பம் போய்வரும். குளிர்காலத்தில் அங்கேதான் வியர்வை போல நீர் துளிர்க்கும். ஆகவே சட்டத்தின் மேலும் மெல்லிய நுரைப் பட்டையோ மரச்சட்டமோ வைத்து, அதன்மீது உட்புறப் பலகையைப் பொருத்துங்கள். தடுப்புப் பொருள் நீரை உறிஞ்சாததாக இருக்க வேண்டும். மூடிய துளைகள் கொண்ட நுரைப் பலகைகளும் தெளிக்கும் பாலியூரித்தேன் நுரையும் இதற்கு ஏற்றவை. கண்ணாடிப் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டை உள்ளிருந்து அரிக்க வைக்கும். பளபளக்கும் தகடுப் படலம் தனக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் வேலை செய்யும். இரண்டு பரப்புகளுக்கு நடுவே நசுக்கி வைத்தால் அதனால் பயனில்லை.

இருவர் ஓர் இரவு உறங்கினாலே மூச்சிலும் தோலிலுமாக ஏறத்தாழ அரை லிட்டர் நீர் காற்றில் சேர்கிறது. சமையல் இதற்கு மேல். அந்த ஈரம் வெளியேறக் கூரையில் ஒரு காற்றாடியும், காற்று உள்ளே வரத் தாழ்வான இடத்தில் ஒரு திறப்பும் தேவை. சன்னல்களில் சிலவற்றைத் தகடு வைத்து மூடலாம், ஏனெனில் வெப்பம் மிக எளிதாகக் கடப்பது கண்ணாடி வழியேதான். ஆனால் எதிரெதிர்ச் சன்னல்களில் ஓர் இணையையாவது காற்றோட்டத்துக்காக விட்டுவையுங்கள். அவசர வழிக் கதவை அலமாரியாலோ அசைக்க முடியாத கட்டிலாலோ ஒருபோதும் மறைக்காதீர்கள்.

எடையும் அமைப்பும்

தொடக்கத்தில் ஓரமாக வைத்த அந்த அமைப்புப் படத்தை இப்போது கையில் எடுக்கலாம். தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்து, கட்டிலில் படுப்பது போலப் படுத்தும், அடுப்பு முன் குனிந்தும், ஒருவரைத் தாண்டி மற்றவர் நடந்தும் பாருங்கள். காகிதத்தில் சரியாகத் தோன்றும் 45 செ.மீ. நடைவழி, தரையில் வரைந்தவுடன் எவ்வளவு குறுகியது என்று தெரிந்துவிடும்.

40 பயணிகளை ஏற்றிய பேருந்து, ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும், 2,600 கிலோவைச் சுமந்திருக்கிறது. எனவே மொத்த எடை பெரும்பாலும் சிக்கலாவதில்லை; அது எங்கே குவிகிறது என்பதுதான் சிக்கல். 300 லிட்டர் நீர் என்பது 300 கிலோ. அந்தத் தொட்டியைப் பின்னச்சுக்கு வெகு பின்னால் வைத்தால், அது முன்சக்கரங்களின் மேலுள்ள பாரத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கைப் பிடிப்பற்றதாக்கும். நீர்த்தொட்டியைத் தாழ்வாக, இரு அச்சுகளுக்கு இடையிலோ பின்னச்சின் மேலோ அமையுங்கள். அடுப்படி ஒரு பக்கம் வந்தால் பேட்டரிகளை மறுபக்கம் வையுங்கள். மரவேலையைப் பொறுத்தவரை, பிளைவுட்டையே பயன்படுத்துங்கள், துகள் பலகை அதிர்விலும் ஈரத்திலும் திருகாணியைக் கைவிட்டுவிடும். எல்லா அலமாரிகளையும் விலாச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கி, கதவுகளுக்குத் தாழ் வைக்க வேண்டும்.

மின்சாரம்

கணக்கு போட்டுவிட்டுப் பேட்டரி வாங்குங்கள். ஓர் எடுத்துக்காட்டு: நேர்மின்சாரத்தில் ஓடும் சிறிய குளிர்பெட்டி நாளொன்றுக்குச் சுமார் 500 வாட்-மணி, 30 வாட் காற்றாடி பத்து மணி நேரம் ஓடினால் 300, விளக்குகளுக்கு 100, கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் 300 என மொத்தம் 1,200 வாட்-மணி ஆகிறது. வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்க 2,400 தேவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காடு பயன்படுத்தலாம் என்று கொண்டால் 3,000 வாட்-மணி கொள்ளளவு வேண்டும்; பாதிக்கு மேல் வடிக்கக் கூடாத ஈய அமில பேட்டரி என்றால் 4,800 வேண்டும், எடையும் பன்மடங்கு கூடும். நாளுக்கு நான்கரை மணி நேர முழு வெயிலும், இழப்புகள் போக 75 விழுக்காடு விளைச்சலும் கிடைக்கும் இடத்தில், 400 வாட் சோலார் பேனல் ஏறத்தாழ 1,350 வாட்-மணி தரும். குளிர்சாதனக் கருவியை இரவெல்லாம் பேட்டரியில் ஓட்ட நினைத்தால் இந்தக் கணக்கு முழுவதும் தகர்ந்துவிடும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் அது நிலையாகப் பழுதாகும் என்பதையும் குளிர்ப்பகுதியில் வாழ்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

1,200 வாட் கருவி 12 வோல்ட்டில் 100 ஆம்பியரும், 24 வோல்ட்டில் 50 ஆம்பியரும் இழுக்கும். வயரில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால் (ஆம்பியர் பாதியானால் இழப்பு கால்பங்காகும்), பெரிய பேருந்துக்கு 24 வோல்ட் அமைப்பே மேல் என்பது என் கருத்து. எஞ்சினை முடுக்கும் பேட்டரியையும் வீட்டுப் பேட்டரியையும் தனித்தனியே வைத்து, இடையில் அதற்கென உள்ள மின்னேற்றியைப் பொருத்தினால், இரவு விளக்கு எரிந்ததால் காலையில் வண்டி கிளம்பாத நிலை வராது.

ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, வயரை. எனவே வயர் தாங்கும் ஆம்பியருக்கு ஏற்ற முதன்மை ஃபியூஸைப் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறியும். பல இழை வயரையே பயன்படுத்தி, முனைகளை உரிய கருவியால் நசுக்கிப் பொருத்துங்கள். வயர் தகட்டைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வீட்டு மின்சாரம் எடுக்கும் இணைப்பில் கசிவு மின்துண்டிப்பானும், வண்டியின் உடலோடு சேர்ந்த நில இணைப்பும் இன்றியமையாதவை. அந்தப் பகுதியைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

நீரும் எரிவாயுவும்

நீர்த்தொட்டி உணவுத்தர நெகிழியால் ஆனதாக இருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியும் ஏறத்தாழ அதே கொள்ளளவில் இருந்தால்தான், ஒன்று தீர்வதற்குள் மற்றது நிரம்பி வழியாது. வளையும் குழாய்கள் அதிர்வைத் தாங்கும். ஒட்டி இணைக்கும் விறைப்பான குழாய்களின் மூட்டுகள் நாளடைவில் விடும்.

சமையல் எரிவாயு காற்றைவிட எடை மிகுந்தது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டரை வாழும் பகுதியிலிருந்து முற்றிலும் அடைத்த தனிப் பெட்டியில், அடியில் வெளிப்புறம் நோக்கிய துவாரத்துடன் வையுங்கள். மூட்டுகளைச் சோப்பு நீரால் சோதியுங்கள். எரிவாயு உணரியைத் தரையருகிலும், கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானை உறங்கும் இடத்தில் மூச்சு மட்டத்திலும் பொருத்துங்கள். தீயணைப்பான்கள் இரண்டு தேவை: ஒன்று கதவருகில், மற்றது கட்டிலருகில்.

எல்லாம் முடிந்ததும் தொட்டிகளை நிரப்பி, பொருள்களை ஏற்றி, எடை மேடையில் முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்தி, உற்பத்தியாளர் பலகையில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். பிறகு மேடுபள்ளமான சாலையில் சுமார் 100 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து, பேட்டரி முனைகளையும் அலமாரி போல்ட்டுகளையும் மீண்டும் முடுக்கி, ஒவ்வொரு குழாய் மூட்டுக்கு அடியிலும் உலர்ந்த காகிதத்தை விரித்து வையுங்கள். மறுநாள் காலையில் எந்தக் காகிதமாவது ஈரமாக இருந்தால், அந்த மூட்டைச் சரிசெய்த பின்னரே பதிவு மாற்றச் சோதனைக்கு நாள் கேளுங்கள்.