பொங்கல் வார இறுதி: எதை முதலில் தொடுவது?

பொங்கலுக்கு முந்தைய சனி, ஞாயிறில் கேக், தையல், வீட்டு அலங்காரம் மூன்றையும் முடிக்கவேண்டுமா? துணியில் இருந்து ஆரம்பியுங்கள். ஈரோட்டுச் சந்தையில் எடுத்த புதுப் பருத்தித் துணி பெரும்பாலும் முதல் அலசலில் சுருங்கும். தலையணை உறை தைத்தபின் சுருங்கினால் அதற்குள் தலையணை நுழையாது. அதனால் வெள்ளி இரவே துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் காயப்போடுங்கள். சாயம் போகிற துணிக்குத் தனி வாளி.

கேக்கைச் சனிக்கிழமை மதியமே வேகவிடலாம். நாட்டுச்சர்க்கரை சேர்த்த கேக் மறுநாள்தான் இன்னும் ருசியாக இருக்கும். அரைக்கிலோ கேக் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடத்தில் வெந்துவிடும். நாட்டுச்சர்க்கரை சீக்கிரம் கறுக்கும் என்பதால் பாதி நேரம் கழிந்ததும் மேலே அலுமினியத் தாளால் மூடுங்கள். நன்றாக ஆறும்வரை டப்பாவில் போட வேண்டாம், வியர்த்துவிடும்.

கேக் வேகும்போது நேர்த்தையல்களை ஓட்டிவிடலாம். ஆனால் தையல் மெஷின் சத்தத்தில் ஓவன் மணி கேட்காது, செல்போனைப் பக்கத்தில் வைத்து அலாரம் போடுங்கள். இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள்: ஓவனையும் அயர்ன் பாக்ஸையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகவே கூடாது. இரண்டும் மின்சாரத்தை அதிகம் இழுப்பவை, ஒயர் சூடாகி உருகும்.

கச்சாயம் (அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுடும் கொங்குப் பலகாரம்) சுடுவதாக இருந்தால் அதை ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத் தோரணம், திரைச்சீலை எல்லாம் ஞாயிறு மாலை. வீட்டு வாசலில் செருகிக் காப்புக்கட்ட வேண்டிய வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூவை மட்டும் போகியன்றே பறியுங்கள். ஆவாரம்பூ முன்னாடியே பறித்தால் வாடிவிடும்.