இரண்டு எலெக்ட்ரிக் கிட்டாரில் எது உங்கள் கைக்கு? நெக்கைப் பிடித்துப் பார்த்து முடிவெடுக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். போன மாதம் அக்கா மகனை அழைத்துக்கொண்டு போனேன். பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணம் அவனிடம் இருந்தது. ஒரு ஸ்குவயர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஒரு எபிஃபோன் லெஸ் பால், இரண்டில் ஒன்று என்று முடிவு செய்திருந்தான். (ஸ்குவயர், எபிஃபோன் என்பவை பிராண்டின் பெயர், ஸ்ட்ராட்டோகாஸ்டர், லெஸ் பால் என்பவை மாடலின் பெயர். ஸ்குவயர் ஃபெண்டரின் துணை பிராண்ட்.) "எது நல்லது மாமா?" என்று வழியெல்லாம் கேட்டான். இரண்டுமே நல்லவைதான். அவன் கைக்கு எது பொருந்தும் என்பதைக் கடையில் எப்படிப் பார்த்தோமோ, அதையே வரிசையாக எழுதுகிறேன்.

புறப்படும் முன் இடது கை நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள். மில்லிமீட்டர் குறித்த சிறிய இரும்பு ரூலர் ஒன்றும், தோளில் மாட்டும் பட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவாருங்கள். கடையில் தொங்கும் கிட்டாரின் கம்பிகள் தளர்ந்திருக்கலாம், தளர்ந்த கம்பி எப்போதும் அழுத்த இலகுவாக இருக்கும். அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். கம்பியின் கனத்தையும் கேளுங்கள். ஒன்றில் 9, மற்றதில் 10 (மிக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) என்று இருந்தால் அந்த வேறுபாடு கம்பியுடையது, கிட்டாருடையது அல்ல. ஆம்ப்ளிஃபயரை இப்போதைக்குத் தொட வேண்டாம். சத்தம் காதை மயக்கிவிட்டால் கை சொல்வது கேட்காது.

படி 2: நெக்கை, அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்தை, பிடியுங்கள். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பாட்டி ரப்பர் மரம் சீவின காலத்தில் தன் உளியை யாருக்கும் இரவல் தரமாட்டாராம், அந்தப் பிடி அவர் கைக்குப் பழகியிருந்தது. நெக்கும் அப்படித்தான். கட்டைவிரலைப் பின்னால் வைத்து, முதல் ஃப்ரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுதான் ஃப்ரெட்) 12ஆவது ஃப்ரெட் வரை மெதுவாகச் சறுக்கிப் போங்கள். உள்ளங்கை நிறைகிறதா, பிடிக்க ஒன்றுமில்லாதது போல் இருக்கிறதா என்று கவனியுங்கள். சின்னக் கைக்கு மெல்லிய நெக்தான் என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மிக மெல்லிய நெக்கை இறுக்கிப் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் முதல் ஃப்ரெட்டில் எஃப் பார் கார்டை (ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கார்டு) ஒரு நிமிடம் பிடியுங்கள். அதே வடிவத்தை 5ஆவது ஃப்ரெட்டிலும் பிடியுங்கள். முதல் ஃப்ரெட்டில் மட்டும் மிகவும் கஷ்டமாக இருந்தால், நட்டில் (நெக்கின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) கம்பி உட்காரும் பள்ளம் உயரமாக இருக்கக்கூடும். அதைச் சரி செய்துவிடலாம். இரண்டு இடத்திலும் கை ஒரே மாதிரி வலித்தால், நெக்கின் வடிவம் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று யோசியுங்கள்.

படி 3: விரல் எட்டுகிறதா பாருங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஸ்கேல் நீளம் (கம்பியில் ஒலிக்கும் பகுதியின் நீளம்) 25.5 அங்குலம், அதாவது சுமார் 648 மி.மீ. லெஸ் பால் 24.75 அங்குலம், சுமார் 629 மி.மீ. முதல் நான்கு ஃப்ரெட்டுகளை நான்கு விரல்களால் பிடிக்கும்போது இந்த வேறுபாடு 3 மி.மீ. அளவுக்குத்தான் வரும். சுண்டுவிரலுக்கு அந்த 3 மி.மீ. தெரியும். ஒரே கனமுள்ள கம்பியை ஒரே சுருதியில் வைத்தால், நீளமான ஸ்கேலில் இழுவிசையும் கூடும். அதனால் கம்பியை வளைக்கும்போது லெஸ் பால் கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

விரற்பலகையின் வளைவும் இங்கே சேரும். இன்றைய ஃபெண்டர், ஸ்குவயர் கிட்டார்கள் பலவற்றில் அது 9.5 அங்குல ஆரம், லெஸ் பாலில் பொதுவாக 12. எண் கூடக்கூடப் பலகை தட்டையாகும். 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே முதல் கம்பியை ஒரு முழு ஸ்வரம் வளைத்துப் பாருங்கள். வளைவு அதிகமான பலகையில் ஒலி பாதியில் செத்துப்போகலாம், அப்படி ஆகிறதா என்று கேளுங்கள்.

படி 4: மாற்றக்கூடியதைத் தனியாக ஒதுக்குங்கள். 12ஆவது ஃப்ரெட்டின் மேல் ரூலரை வைத்துக் கம்பியின் உயரத்தை அளங்கள். நாங்கள் பார்த்த ஸ்குவயரில் தடித்த கம்பி 2.5 மி.மீ. உயரத்தில் இருந்தது, எபிஃபோனில் 1.8. "இது கஷ்டமாக இருக்கு, வேண்டாம்" என்று ஸ்குவயரைத் தள்ளிவைத்துவிட்டான். கடைக்காரரிடம் கேட்டோம், பத்து நிமிடத்தில் இறக்கிக் கொடுத்தார். திரும்ப வாங்கி வாசித்தவன் முகமே மாறிவிட்டது. நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) மட்டும் நீங்களாகத் திருக வேண்டாம்.

ஃப்ரெட் முனைகளையும் தடவிப் பாருங்கள். குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்கும் கடையில் மரம் காய்ந்து சற்றுச் சுருங்கும், உலோகம் சுருங்காது. அதனால் ஃப்ரெட் முனை வெளியே வந்து கையைக் கீறும். அதை அரம் போட்டுச் சரி செய்யலாம், அந்தச் செலவை மனதில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பளபளப்பான வார்னிஷ் போட்ட நெக் நம் ஊர் வெக்கையில், வியர்த்த கையில், ஒட்டும். கோயில் திருவிழா மேடையில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் மங்கலான பூச்சுள்ள நெக் சுகமாக இருக்கும்.

கம்பி, அதன் உயரம், நட், ஃப்ரெட் முனை எல்லாம் பிறகு மாற்றக்கூடியவை. நெக்கின் தடிமன், அகலம், ஸ்கேல் நீளம் மூன்றும் வாங்கியபடியே இருக்கும். முடிவை இந்த மூன்றை வைத்து எடுங்கள்.

படி 5: நின்று வாசியுங்கள். பட்டையை மாட்டி 15 நிமிடம். லெஸ் பால் 4 கிலோவுக்கு மேலும்கூட வரும், பதின்ம வயதுத் தோளுக்கு அது பாரம்தான்.

அன்றைக்கே வாங்கவில்லை. அடுத்த வாரம் திரும்பிப் போனோம். கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். மூன்று முறையும் ஸ்குவயரைத்தான் கேட்டான்.

பணம் கட்டும்போது கடைக்காரர், "உள்ளே புதுப் பெட்டி இருக்கு, பிரிக்காதது" என்றார். வேண்டாம் என்றேன். ஒரே மாடலில்கூட நெக்குகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவன் வாசித்துப் பார்த்த அதே கிட்டாரைத்தான், முன்பே குறித்து வைத்திருந்த சீரியல் எண்ணைச் சரிபார்த்து, வாங்கி வந்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.