வெண்டிங் மெஷினில் சத்தான தின்பண்டங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவுப் பணி நடக்கும் ஓர் அலுவலகத்தின் நடைவழியில் நின்றிருந்த வெண்டிங் மெஷின் ஒன்றைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆறு வரிசைகள் கொண்ட அந்த இயந்திரத்தின் அடி வரிசையில் மட்டும் ‘ஆரோக்கியத் தேர்வு’ என்று ஒரு பச்சைப் பட்டை ஒட்டப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் உப்பில்லாத பிஸ்கட்டும், யாரும் பெயர் கேள்விப்படாத ஒரு தானிய பாரும், தூசி படிந்த இரண்டு பாதாம் பாக்கெட்டுகளும் இருந்தன. அவற்றைப் பார்ப்பதற்கே முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும். நிமிர்ந்து நின்றால் கண்ணுக்கு நேரே சிப்ஸும் சாக்லேட்டும்தான். மூன்று மாதம் கழித்து அந்தப் பட்டை உரித்தெடுக்கப்பட்டது. சத்தானதை வைத்தால் இங்கே யாரும் வாங்குவதில்லை என்று காரணம் சொன்னார்கள். வாங்குவதற்கான வாய்ப்பை எந்த அளவுக்குக் கொடுத்தோம் என்ற கேள்வி எழவே இல்லை.

இந்த முயற்சியில் இறங்குபவர்கள் பெரும்பாலும் நல்ல மனத்துடன்தான் இறங்குகிறார்கள். ஆனால் வெண்டிங் மெஷினைக் கடையைப் போலவே நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். அதன் முன் வந்து நிற்பவர் பசித்தோ களைத்தோ இருப்பார். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. பாக்கெட்டைத் திருப்பிப் பின்புறம் இருப்பதைப் படிக்க முடியாது. விசாரிக்கக் கடைக்காரரும் இல்லை. சில நொடிகளில் ஓர் எண்ணை அழுத்திவிட்டு, விழுந்ததை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இந்தச் சில நொடிகளை மறந்துவிடுவதால்தான் வழக்கமான தவறுகளில் பெரும்பாலானவை நேர்கின்றன.

சரக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. ‘மல்டிகிரெய்ன்’, ‘எண்ணெயில் பொரிக்காதது’, ‘இயற்கையானது’ என்று முன்பக்கத்தில் அச்சிட்டிருப்பதை நம்பியே பட்டியல் தயாராகிறது. பின்பக்கத்து அட்டவணையைப் படித்தால் கதை வேறாக இருக்கும். பிரிட்டனில் பாக்கெட்டின் மேல் அச்சிடப்படும் போக்குவரத்து விளக்கு முறையில், 100 கிராமுக்கு 22.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு; உப்பு 1.5 கிராமைத் தாண்டினாலும் சிவப்பு. 40 கிராம் எடையுள்ள ஒரு கிரானோலா பாரில் 12 கிராம் சர்க்கரை இருந்தால், 100 கிராமுக்கு அது 30 கிராம் ஆகிறது. ஓட்ஸும் தேனும் படத்தில் இருந்தாலும் அது சிவப்புப் பொருள்தான். பழச்சாறு விஷயத்திலும் இதே ஏமாற்றம் காத்திருக்கிறது. 330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் சர்க்கரையே சேர்க்காத ஆரஞ்சுச் சாறும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. பழத்தைப் பிழிந்து எடுத்த சாற்றிலுள்ள சர்க்கரையையும் தேனிலுள்ள சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்பட்ட சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைக்கிறது. இந்த வகைச் சர்க்கரைகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று 2015-இல் அது பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அந்த அளவுகள் 50 கிராம், 25 கிராம் என்று வரும். கோலாவை எடுத்துவிட்டு அதே இடத்தில் பழச்சாற்றை நிறுத்துவதால் பெரிதாக எதுவும் மாறிவிடுவதில்லை. தண்ணீரையும், இனிப்புச் சேர்க்காத பாலையும் அங்கே வைப்பதுதான் உண்மையான மாற்றம்.

ஆகவே பொருளைத் தேடுவதற்கு முன்பே அளவுகோலை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் 2014-15 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த விதிகள் இதற்கு நல்ல தொடக்கமாக இருக்கும்: ஒரு பாக்கெட் தின்பண்டம் 200 கலோரியைத் தாண்டக்கூடாது, சோடியம் 200 மில்லிகிராமுக்குள், அதாவது அரை கிராம் உப்புக்குள், இருக்க வேண்டும், எடையில் 35 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது, நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். பாதாம், நிலக்கடலை போன்றவற்றுக்குக் கொழுப்பு விதியிலிருந்து விலக்கு உண்டு, ஏனெனில் அவற்றிலுள்ள கொழுப்பு வேறு தரத்தது. இவை குழந்தைகளுக்காக வகுக்கப்பட்டவை என்பதால், பெரியவர்கள் பணிபுரியும் இடத்தில் கலோரி வரம்பைச் சற்றுத் தளர்த்திக்கொள்வதில் தவறில்லை. எழுதப்பட்ட ஓர் அளவுகோல் கையில் இருந்தால், ‘இதுவும் சத்தானதுதான்’ என்று விநியோகஸ்தர் நீட்டும் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் தனித்தனியாக வாதாட வேண்டியிருக்காது.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாதாம் நல்ல உணவுதான். 28 கிராமில் 165 கலோரி அளவுக்கு இருக்கும். அதையே 100 கிராம் பாக்கெட்டாக வைத்தால் 580 கலோரி ஆகிறது. பிரித்த பாக்கெட்டைப் பாதியில் மடித்து வைப்பவர்கள் மிகக் குறைவு. சிறிய பாக்கெட் கிடைக்காவிட்டால் அந்தப் பொருளை விட்டுவிடுவதே மேல்.

நல்ல பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகும் அது இயந்திரத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்காமல் விடுவது, அதிகம் பேசப்படாத தவறு. கண்ணாடி முகப்புள்ள இயந்திரங்களில் பெரும்பாலானவை கம்பிச் சுருளால் இயங்குபவை. எண்ணை அழுத்தியதும் சுருள் ஒரு சுற்றுச் சுற்றும். முன்னால் இருக்கும் பாக்கெட் விளிம்பைத் தாண்டிக் கீழே விழும். சுருளின் இடைவெளி பாக்கெட்டின் தடிமனோடு பொருந்தாவிட்டால் பொருள் சாய்ந்து கண்ணாடியில் முட்டி நின்றுவிடும். மெல்லிய பார்களும் வழுவழுப்பான சிறு பாக்கெட்டுகளும் இப்படி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். நான் கவனித்த இயந்திரத்தில், பணம் போட்ட ஒருவர் தம் பாதாம் பாக்கெட் விளிம்பில் தொங்கிக்கொண்டிருப்பதை வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் இனி அந்த எண்ணை அழுத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது. மேல் வரிசையிலிருந்து விழும் வாழைப்பழம் கன்றிப்போகும். தயிர்க் கிண்ணத்தின் மூடி பிளக்கும். இவற்றை விற்க விரும்பினால், பொருளைத் தாங்கிக் கீழே இறக்கும் லிஃப்ட் வகை இயந்திரமோ, தட்டுகள் சுழலும் வகையோ வேண்டும். எந்தப் புதிய பொருளையும் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், சுருள் நிறைய அடுக்கி ஒவ்வொன்றாக விழச் செய்து பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். பெரும்பாலும் யாரும் அதைச் செய்வதில்லை.

குளிர்ச்சி தேவைப்படும் பொருள்களில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். வெட்டிய பழம், தயிர், சாண்ட்விச் போன்றவை 5 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். வெப்பம் வரம்பைத் தாண்டினால் விற்பனையைத் தானாகவே நிறுத்திவிடும் பூட்டு, இத்தகைய உணவை விற்கும் இயந்திரத்தில் இருப்பது அவசியம். அந்தப் பூட்டு இல்லாத இயந்திரத்தில் தயிரை வைப்பது ஆரோக்கிய முயற்சியல்ல, ஆபத்து. உலர்ந்த பொருள்களுக்கும் வெயில் ஆகாது. சன்னலோரம் நிற்கும் இயந்திரத்தில் கடலையும் பாதாமும் காலாவதித் தேதி வருவதற்கு முன்பே எண்ணெய் வாடை அடிக்கத் தொடங்கிவிடும்.

இனி, பச்சைப் பட்டை ஒட்டிய அந்த அடி வரிசைக்கு வருவோம். சத்தானவற்றையெல்லாம் ஒரே மூலையில் குவித்து, அதற்குத் தனிப் பெயர் சூட்டுவது மிகப் பரவலான தவறு. ஒரு வரிசை மட்டும் ஆரோக்கியம் என்றால் மற்ற ஐந்தும் வழக்கமானவை, இது ஏதோ நோயாளிகளுக்கானது என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் படிந்துவிடும். கண்ணுக்கு நேராக இருக்கும் இரண்டு வரிசைகள்தாம் முதலில் பார்வையில் படுகின்றன. சத்தான பொருள்கள் அங்கே, வழக்கமான பொருள்களின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எண்ணிக்கையும் முக்கியம். நாற்பது தேர்வுகளில் மூன்று மட்டும் சத்தானவை என்றால், அந்த மூன்றும் தமக்குப் பிடிக்காதவருக்கு வேறு வழியே கிடையாது. பாதியளவாவது அளவுகோலுக்குள் வரும்படி அமைத்தால்தான் அதைத் தேர்வு என்று சொல்ல முடியும். ‘எடை குறைக்க’, ‘குற்ற உணர்வில்லாத’ போன்ற வாசகங்களை விட்டுவிட்டு, ‘வறுத்த கொண்டைக்கடலை, 150 கலோரி’ என்று எழுதுவதே சரி. பாக்கெட்டின் பின்புறம் தெரியாத நிலையில் கலோரி அளவை வாங்குவதற்கு முன்பே காட்ட வேண்டும் என்று, 20 அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரங்களை நடத்துபவர்களுக்கு அமெரிக்காவில் 2014-இல் ஒரு விதியே வெளியிடப்பட்டது. வேர்க்கடலை, பால், கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருள்களையும் அதே சீட்டில் குறிப்பிடுவது நல்லது. ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த ஒற்றை வரிதான் பாதுகாப்பு.

விலை பற்றிப் பேசும்போது பலரும் தயங்குகிறார்கள். சத்தான பொருளின் கொள்முதல் விலை அதிகம், ஆகவே விற்பனை விலையும் அதிகம் என்பது இயல்பாகவே தோன்றும். ஆனால் சிப்ஸைவிட ஒன்றரை மடங்கு விலையில் கடலையை வைத்துவிட்டு, மக்கள் ஆரோக்கியத்தைப் பொருட்படுத்துவதில்லை என்று சொல்வது நியாயமாகாது. இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2001-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மினசோட்டா ஆராய்ச்சியாளர்கள் 12 பணியிடங்களிலும் 12 பள்ளிகளிலுமாக 55 இயந்திரங்களில் கொழுப்புக் குறைந்த தின்பண்டங்களின் விலையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 10 சதவீதம் குறைத்தபோது அவற்றின் விற்பனை 9 சதவீதம் கூடியது. 25 சதவீதம் குறைத்தபோது 39 சதவீதம். பாதியாகக் குறைத்தபோது 93 சதவீதம். இயந்திரம் ஒன்றுக்கான சராசரி லாபம் இதனால் பாதிக்கப்படவில்லை. விளம்பரச் சீட்டுகளால் கிடைத்த பலனோ சிறிதாகவே இருந்தது. பட்டை ஒட்டுவதில் செலவிடும் உழைப்பை விலைச் சீட்டைத் திருத்துவதில் செலவிட்டிருக்கலாமே என்று இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். சிப்ஸின் விலையைச் சற்றே உயர்த்தி, அந்தக் கூடுதல் வரவால் கடலையின் விலையைக் குறைக்கும் வழியும் இருக்கிறது. தொகை சிறிதானாலும் கடலை சிப்ஸைவிட மலிவாக இருப்பது கண்ணில் பட வேண்டும்.

விற்பனைக் கணக்கைத் தவறாகப் படிப்பதால்தான் பல நல்ல முயற்சிகள் பாதியில் நின்றுபோகின்றன. ஓர் இயந்திரத்தில் சிப்ஸுக்கு மூன்று சுருள்கள், கடலைக்கு ஒரு சுருள் என்று வைத்துக்கொள்வோம். வார முடிவில் சிப்ஸ் 24 பாக்கெட்டுகளும் கடலை 12 பாக்கெட்டுகளும் விற்றிருக்கின்றன. சிப்ஸ்தான் இரண்டு மடங்கு போகிறது என்று அறிக்கை எழுதப்படும். ஆனால் திங்கட்கிழமை நிரப்பிய கடலை செவ்வாய் இரவே தீர்ந்துவிட்டது என்பதை அந்த அறிக்கை சொல்லாது. இருந்த இரண்டு நாளில் கடலை நாளுக்கு ஆறு வீதம் போயிருக்கிறது; மூன்று சுருள்களில் ஏழு நாளும் இருந்த சிப்ஸோ நாளுக்கு நான்கைக்கூட எட்டவில்லை. சரக்கு இல்லாமல் கிடந்த நாள்களைக் கழித்துவிட்டு, ஒரு சுருளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை என்று கணக்கிட வேண்டும். இப்போதைய இயந்திரங்கள் பலவற்றில் ஒவ்வொரு விற்பனையும் நேரத்தோடு பதிவாகிறது; கேட்டால் அந்த விவரம் கிடைக்கும். புதிய பொருளுக்கு மூன்று மாதமாவது அவகாசம் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் பழகிய எண்ணையே விரல் தேடும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது இதற்கு நேரெதிரான தவறு. பிரான்ஸ் 2005 செப்டம்பரில் பள்ளிகளிலிருந்து தின்பண்ட, பான விற்பனை இயந்திரங்களையே அகற்றியது. குழந்தைகள் விஷயத்தில் அப்படியொரு முடிவுக்கு நியாயம் இருக்கிறது. பெரியவர்கள் பணிபுரியும் இடத்தில் திடீரென்று சிப்ஸ் மறைந்தால், அவர்கள் வெளியே போய் அதையே இன்னும் பெரிய பாக்கெட்டில் வாங்கி வருவார்கள். மாதத்துக்கு நான்கைந்து சுருள்கள் வீதம் மாற்றுவது, அதுவும் மிகக் குறைவாக விற்கும் பழைய பொருளிலிருந்து தொடங்குவது, எரிச்சலைக் கிளப்பாமல் வேலையை முடித்துவிடும். எந்தப் பொருளை வைப்பது என்று அங்கே வாங்குபவர்களிடம் கேட்பதும் இதில் அடங்கும். இரவு இரண்டு மணிக்கு வருபவருக்கு அந்தப் பாக்கெட்தான் உணவு. அவருக்கு உப்பில்லாத பிஸ்கட் போதாது. புரதமும் நார்ச்சத்தும் உள்ள, விடியும்வரை வயிற்றில் நிற்கும் பொருள் வேண்டும். அதைச் சுவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் சுவையில்லாத பொருளை மலிவு விலையோ கண்ணெதிர் வரிசையோ காப்பாற்றாது.

கடைசியாக, இவை எல்லாவற்றையும் யாரிடம் சொல்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். பல இடங்களில் இயந்திரம் அலுவலகத்துக்குச் சொந்தமானதல்ல. வெளி நிறுவனம் ஒன்று அதை வைத்து, நிரப்பி, விற்பனையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. எந்தச் சுருளில் எது என்பதை அந்த நிறுவனத்தின் அடுக்கு வரைபடம் முடிவு செய்கிறது. நிரப்ப வருபவரிடம் வாய்மொழியாகச் சொல்லிவைத்த ஏற்பாடு, அவர் மாறிய வாரமே மறைந்துவிடும். ஆகவே ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது அளவுகோலையும், எத்தனை சதவீதத் தேர்வுகள் அதற்குள் இருக்க வேண்டும் என்பதையும், அவை எந்த வரிசைகளில் நிற்கும் என்பதையும், விலை வித்தியாசத்தையும், சுருள்வாரியான விற்பனைக் கணக்கு மாதந்தோறும் வர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாரத்தில் எத்தனை முறை நிரப்புவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மட்டும் என்றால், புதன்கிழமை இரவு வருபவர் முன் சிப்ஸ் மட்டுமே மிஞ்சியிருக்கும்.