ஒரே அட்டைக்கு இரண்டு ஏலம் வேண்டாம்

அன்று திங்கட்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் வைபரில் அழைத்தான். "மாமா, முரளி அட்டை நல்ல விலைக்குப் போய்விட்டது" என்றான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அதே அட்டை முதல் நாள் இரவு இணைய ஏலத்தில் என் கணக்கிலும் விலைப்பட்டிருந்தது. வாங்கியவர்களில் ஒருவர் மெல்பேர்ணில் இருந்தார், மற்றவர் பேர்மிங்ஹாமில். இருவரும் பணம் கட்டிவிட்டார்கள். முத்தையா முரளிதரனின் படம் அச்சிட்ட அந்தப் பழைய கிரிக்கெட் அட்டையோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், என் மேசை லாச்சிக்குள், ஒன்றே ஒன்றாகக் கிடந்தது.

பேர்மிங்ஹாம்காரருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பி மன்னிப்புக் கேட்டு எழுதினோம். மகனின் பிறந்தநாளுக்காக வாங்கியதாக அவர் பதில் எழுதியிருந்தார். விளையாட்டு அட்டைகளை இணையத்தில் விற்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் அன்றிலிருந்து முதலில் இதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இந்தத் தவறு பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேதான் பிறக்கிறது. பேபால் வழியாக இலங்கைக்குப் பணம் பெற நெடுங்காலம் வழி இருக்கவில்லை. அதனால் பலர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினரின் கணக்கை நம்பினார்கள். படத்தை இங்கிருந்து அனுப்புவோம், அவர்கள் அங்கே ஏலத்தில் போடுவார்கள். சில நாள் சத்தமில்லை என்றால் நாமும் ஒரு கணக்கைத் திறந்து போட்டுவிடுவோம். யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை, ஆனாலும் ஒரு பொருளை இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்ததாகிவிடுகிறது. அட்டை யார் கையில் இருக்கிறதோ அவருடைய பெயரில் மட்டும் ஏலம் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உறவினர் கணக்கில் போடுவதென்றால் அட்டையை முதலில் அவரிடம் அனுப்பிவிட வேண்டும்.

இரண்டு இடத்தில் போட்டால் இரண்டு மடங்கு பேர் பார்ப்பார்கள், விலை கூடும் என்று நினைப்பது அடுத்த பிழை. கோயிலில் மாம்பழம் ஏலம் கூறுவதைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூறும்போது கேட்பவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பதால்தான் விலை ஏறுகிறது. அதே பழத்தைத் தெற்கு வீதியில் ஒருவரும் வடக்கு வீதியில் இன்னொருவரும் கூறினால் கூட்டம் பிரிந்துவிடும். ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் இதைக் கணக்காகவே காட்டலாம். அங்கே ஒருவர் தன் உச்ச விலையைக் கொடுத்துவிட்டால், தேவையான அளவுக்கு மட்டும் தளமே அவருக்காக விலையை ஏற்றிக்கொண்டு போகும். 80 டொலர்வரை கொடுக்கத் தயாரான ஒருவரும் 75 டொலர்வரை கொடுக்கத் தயாரான ஒருவரும் ஒரே ஏலத்தில் மோதினால் அட்டை 76 டொலருக்குப் போகும். ஒரு டொலரில் தொடங்கிய இரண்டு ஏலங்களில் அவர்கள் ஆளுக்கொன்றில் தனியாக நின்றால், இரண்டும் அந்த ஒரு டொலரிலேயே முடிந்துவிடும். அதிலும் கொடுப்பதற்கு உங்களிடம் இருப்பது ஒரு அட்டைதான்.

தெரியாமல் இரட்டிப்பாகும் வழிகளும் உண்டு. விற்காத ஏலத்தைத் தளமே மீண்டும் போடும்படி ஒரு தெரிவு இருக்கிறது. அதை மறந்துவிட்டு நாமும் புதிதாக ஒன்றைப் போட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும். நிலையான விலைக்குப் போட்ட பதிவு, நிறுத்தும்வரை மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கப்படும். முகநூல் குழுவில் கைமாற்றிவிட்டு ஏலத்தை நிறுத்த மறப்பதும் இதே வகைதான். புதிய பதிவு போடுமுன் பழையது முடிந்துவிட்டதா என்று கணக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இரட்டிப்பு இருப்பதைக் கண்டால் அந்த நிமிடமே ஒன்றை நிறுத்துங்கள். யாரும் விலை கேட்காத பதிவை நிறுத்துவது எளிது. ஈபேயில் விலை கேட்கப்பட்ட ஏலம் முடிய 12 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால், கேட்ட விலைகளை ரத்துச் செய்துவிட்டு விலக முடியாது. நேர வித்தியாசத்தையும் நினைவில் வையுங்கள். அமெரிக்க மேற்குக் கரையில் ஞாயிறு இரவு 7 மணிக்கு முடியும் ஏலம், அங்கே கோடையென்றால் நமக்குத் திங்கள் காலை 7.30, குளிர்காலமென்றால் 8.30. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால், அந்த 12 மணித்தியாலத்தின் பெரும்பகுதி தூக்கத்திலேயே போய்விடும். இருவரும் வென்றுவிட்டால் முதலில் முடிந்த ஏலத்தின் ஆளுக்கே அட்டையைக் கொடுங்கள், மற்றவருக்கு அன்றே உண்மையை எழுதுங்கள். பொருள் இல்லையென்று விற்பனையை ரத்துச் செய்வது விற்பவர் கணக்கில் குறையாகப் பதிவாகும். அதைத் தவிர்க்க, வாங்குபவரே வேண்டாமென்றதாகக் காட்டுவது பொய். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே அட்டை இரண்டு இடத்தில் தெரிந்தால் எண்ணைப் பாருங்கள். பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் 1 முதல் 10 வரை தரமிட்டு உறையிடும் ஒவ்வோர் அட்டைக்கும் தனிச் சான்றிதழ் எண் உண்டு. எண்ணிட்டு அச்சான அட்டையில் 7/50 என்று இருந்தால் ஐம்பதில் அந்த ஏழாவது ஒன்றுதான். இரண்டு பதிவுகளிலும் எண் ஒன்றாக இருந்தால் இருப்பது ஓர் அட்டை. உடனே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம், ஒன்று எப்போதோ முடிந்த பழைய ஏலமாகவும் இருக்கலாம். இரண்டும் உயிரோடு ஓடினால் இரண்டிலும் விலை கேட்காதீர்கள். கேட்ட விலை வாக்குத்தான், இரண்டையும் வென்றால் இரண்டுக்கும் நீங்கள் பொறுப்பு. உங்கள் பெயரும் அன்றைய திகதியும் எழுதிய துண்டுக் காகிதத்தை அட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பும்படி இரண்டு விற்பனையாளர்களிடமும் கேளுங்கள். அட்டை கையில் இருப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை.