மாதா தோட்டம் போடும்போது செடியையும் கதையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

கெபியைச் (மாதா சிலை வைத்த குகை மாடம்) சுற்றி, மாதாவோடும் ஆண்டவரின் பாடுகளோடும் (சிலுவைத் துன்பங்கள்) சேர்த்துச் சொல்லப்படும் செடிகளை வளர்ப்பது நல்ல யோசனைதான். செடிகளுக்கு மாதாவின் பெயரை வைப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் என்ற ஊரில் 1932இல் இதற்கென்றே ஒரு தோட்டம் போட்டார்கள். சிக்கல் எங்கே என்றால், கதையை வைத்தே செடியின் பிறப்பிடத்தையும் குணத்தையும் முடிவு செய்துவிடுகிறோம்.

முள்கிரீடச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். நர்சரியில் யூபோர்பியா என்று கேட்டால் கொடுப்பார்கள். 'இயேசுவின் தலையில் வைத்தது இதுதான்' என்று பலகை எழுதி மாட்டிவிடாதீர்கள். இதன் சொந்த ஊர் மடகாஸ்கர். ரீயூனியன் தீவின் ஆளுநராக இருந்த மிலியஸ் 1821இல் இதை பிரான்சுக்குக் கொண்டுபோனார். அறிவியல் பெயரிலும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. நற்செய்தி நூல்கள் முள்முடி என்கின்றனவே தவிர, எந்தச் செடி என்று சொல்வதில்லை. அதைவிட முக்கியம் இதன் பால். தோலில் பட்டால் எரிச்சல், கண்ணில் பட்டால் ஆபத்து. ஜெபமாலை சொல்ல முழந்தாளிடும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

பாடுகளின் பூ எனப்படும் பாசிஃப்ளோரா கொடிதான் கதைச் சுரங்கம். தென் அமெரிக்காவுக்குப் போன ஸ்பானிய மிஷனரிகள் அதைப் பார்த்து வியந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் வரலாற்றாசிரியர் ஜாக்கோமோ போசியோ அதைப் பற்றி எழுதினார். வட்டமாக நிற்கும் இழைகள் முள்முடி, ஐந்து மகரந்தப்பைகள் ஐந்து காயங்கள், மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகள், பற்றுக்கம்பிகள் சாட்டை. மறைக்கல்விப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தடுமாறுவது இதழ்க் கணக்கில்தான். பத்தும் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஐந்து அல்லிதழ், ஐந்து புல்லிதழ். அவை பத்துத் திருத்தூதர்களாம்: காட்டிக்கொடுத்த யூதாசையும் மறுதலித்த பேதுருவையும் கழித்துவிட்டார்கள். (பேதுருவைக் கழித்தது எனக்கு அநியாயமாகவே படுகிறது. அவர்தான் மனம் கசந்து அழுதாரே!)

பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கிருஷ்ண கமலம் என்றால் வாதாடவும் வேண்டாம். இழைகள் நூறு கௌரவர்கள், மகரந்தப்பைகள் பாண்டவர்கள், மேலே இருப்பது மும்மூர்த்திகள் என்பது அவர்கள் கதை. நாம் வளர்க்கும் நீலப்பூக் கொடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது, ஆக அவர்கள் கதையும் அதற்குப் பிறகு பிறந்ததுதான். அப்புறம், சிவப்புப் பூ வகைகள் பலவற்றில் இழைகள் குட்டை, முள்முடியைக் காட்ட முடியாது. பூவும் பெரும்பாலும் ஒரு நாள்தான் தாங்கும். புனித வெள்ளிக்கு வேண்டுமென்று முந்தின நாளே பறித்து வைத்தால் சுருங்கிவிடும்.

லில்லியிலும் குழப்பம் உண்டு. கபிரியேல் தூதர் கையில் ஓவியர்கள் வரைந்தது மத்தியதரைக் கடல் பகுதியின் மடோனா லில்லி. ஈஸ்டர் லில்லி ஜப்பானின் தென் தீவுகளைச் சேர்ந்த வேறு இனம். மடோனா லில்லியின் கிழங்கை மற்ற லில்லிகளைப் போல ஆழமாகப் புதைக்கக் கூடாது, மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் போதும். குளிர்காலமே இல்லாத நம் சமவெளியில் அதற்குப் பணத்தைக் கொட்டுவானேன்? வெள்ளைப் பூவுக்கு நிலச்சம்பங்கி இருக்கிறது. பூனை வளர்ப்பவர்கள் இரண்டு லில்லியையும் தவிர்த்துவிடுங்கள். மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

மாதாவின் கண்ணீர் என்று ஐரோப்பாவில் சொல்லப்படும் பள்ளத்தாக்கு லில்லி, லில்லி இனமே அல்ல. செடி முழுக்க இதயத்தைத் தாக்கும் விஷம். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் கோயில் வளாகத்தில் அதன் சிவப்புப் பழம் கண்ணில் படவே கூடாது.