மலையில் வீட்டு வீடியோ: ஹேண்டிகேம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் பெரும்பாலும் கோவைக்கு இறங்கித்தான் கேமரா வாங்குகிறார்கள். கடைக்குள் வெளிச்சம் கொட்டிக் கிடக்கும், காற்றும் இல்லை, ஈரமும் இல்லை. அங்கே எந்தக் கேமராவும் நன்றாகத்தான் படம் காட்டும். அதையே மேலே கொண்டுவந்து, ஜூலை மாதச் சாயங்காலத்தில், ஒற்றை விளக்கு எரியும் கூடத்தில் தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொண்டிருப்பதை எடுத்தால் அதன் உண்மையான தரம் தெரிந்துவிடும். இருட்டையும் காற்றையும் ஈரத்தையும் தாங்குமா என்று பார்த்துத்தான் மலைக்காரர்கள் வாங்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. போன் இருக்கும்போது ஹேண்டிகேம், அதாவது கையில் பிடித்து வீடியோ எடுக்கவென்றே செய்த கேமரா, தேவைதானா? இரண்டு நிமிடத் துண்டுகள் மட்டும் எடுப்பவருக்குத் தேவையே இல்லை. பள்ளி ஆண்டு விழாவைக் கடைசி வரிசையிலிருந்து இரண்டு மணி நேரம் எடுக்க வேண்டும், கல்யாணச் சடங்கு முழுவதும் இடைவெளி இல்லாமல் வேண்டும் என்பவர்களுக்கு ஹேண்டிகேம் நிச்சயம் உதவும். பல ஸ்டில் கேமராக்கள் அரை மணி நேரத்தில் பதிவைத் தானாக நிறுத்திவிடும். ஹேண்டிகேமுக்கு அந்தத் தடை இல்லை, பேட்டரியையும் மாற்றிக்கொள்ளலாம்.

இனி தவறுகள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட 300, 350 என்ற ஜூம் எண்ணை நம்பி வாங்குவது முதலாவது. அது டிஜிட்டல் ஜூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அதன் வேலை, முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். லென்ஸ் நகர்ந்து செய்யும் ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 20 மடங்கு இருந்தாலே வீட்டுக்குத் தாராளம். அதைவிட முக்கியம் மறுமுனை. தோட்டத்து லைன் வீடுகளில் அறை சிறியது, சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் குடும்பம் முழுதும் படத்துக்குள் வராது. லென்ஸின் மில்லிமீட்டர் எண் குறையக் குறையப் படத்தின் அகலம் கூடும், 26 முதல் 28 மில்லிமீட்டர் அளவுக்கு அகலமாகத் தொடங்கும் லென்ஸ் வேண்டும். 40-க்கு மேல் தொடங்கும் பழைய மாடல்களை விட்டுவிடலாம்.

வெளிச்சத்துக்கு வருவோம். விலை குறைந்த ஹேண்டிகேம்கள் பலவற்றில் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, 1/5.8 அங்குல வகை, மூலைக்கு மூலை 3 மில்லிமீட்டர்தான் வரும். வெயிலில் குறையே தெரியாது, மழை நாளில் வீட்டுக்குள் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். 1/2.5 அங்குல வகையில் அது 7 மில்லிமீட்டருக்கு மேல். காசு கொஞ்சம் கூடினாலும் இதற்குக் கொடுப்பது வீண் போகாது. ஜூமை முழுதாக இழுத்தால் வெளிச்சம் இன்னும் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. எஃப் எண் கூடக் கூட லென்ஸின் வாய் சுருங்கும். எஃப் 1.8-இல் தொடங்கும் லென்ஸ் எஃப் 4-இல் முடிந்தால், கடைசியில் உள்ளே வருவது ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான்.

எல்லாவற்றையும் ஆட்டோவிலேயே விட வைக்கும் கேமரா மலைக்கு ஆகாது. கொடைக்கானல் தூண் பாறையில் பனிமூட்டம் ஏறும்போது ஃபோகஸ் பிடிக்க எதுவும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில் எல்லாரும் வெள்ளை உடுத்தி நிற்பார்கள். அவ்வளவு வெள்ளையையும் அதிக வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு ஆட்டோ படத்தை மங்கலாக்கிவிடும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் கையால் மாற்ற முடியுமா, மெனுவுக்குள் தோண்டாமல் சட்டென்று மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வரும் கேமராவிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே விற்கும் மாடல்கள் பல, நொடிக்கு 60 படம் என்ற கணக்கில் மட்டுமே எடுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் மண்டபத்து வீடியோவில் பட்டை பட்டையாக வெளிச்சம் ஓடும். 50 அல்லது 25 படம் எடுக்கும் வசதி இல்லையென்றால், ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் நிறுத்தவாவது முடிய வேண்டும். இரண்டும் இல்லாததை அன்பளிப்பாகத் தந்தாலும் வெளியே வெயிலில் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள்கூட ஒலியைக் கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இருபது வருடம் கழித்து அந்த வீடியோவைப் போடும்போது எல்லாரும் தேடப்போவது பாட்டியின் குரலை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் யாரும் எழுந்து போக மாட்டார்கள், பேச்சு கேட்காவிட்டால் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் காற்று நேராக மைக்கில் மோதினால் பதிவில் மிஞ்சுவது உறுமல்தான். மெனுவில் இருக்கும் காற்றுக் குறைப்பு, அடித்தொண்டை ஒலியையும் சேர்த்து அறுத்துவிடும். வெளி மைக் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இருக்காது, பிறகு சேர்க்கவும் வழியில்லை. துளை இருந்தால் சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்று, அதற்கு ரோமத் தொப்பி ஒன்று போதும். ஹெட்போன் துளையும் இருந்தால் எடுக்கும்போதே காதில் கேட்டுச் சரிபார்க்கலாம்.

ஆட்டத்தைக் குறைக்கும் வசதியிலும் இரண்டு வகை உண்டு. லென்ஸுக்குள் கண்ணாடி அசைந்து சரிசெய்வது ஆப்டிகல். படத்தின் ஓரத்தை வெட்டிச் சமாளிப்பது எலக்ட்ரானிக், இதில் அகலம் குறையும், இருட்டில் கலங்கலும் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயிலில், கல்லாறு தாண்டிப் பற்சக்கரம் பிடித்ததும் பெட்டி அதிரத் தொடங்கும். ஆப்டிகல் வகை அங்கே தன் மதிப்பைக் காட்டும். குகைக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் வெளிச்சம் துள்ளாமல் இருக்க, முன்பே எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை, பூட்டிவிடுங்கள்.

அப்புறம் ஈரம். கேமராவோடு வரும் பையிலேயே போட்டு மர அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் போனால் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படரும். அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. இறுக்கமாக மூடும் டப்பாவில், ஈரம் குடித்ததும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். சூடாக்கி உலர்த்தினால் ஜெல்லைத் திரும்பவும் பயன்படுத்தலாம். வாரம் ஒருமுறையாவது கேமராவை வெளியே எடுத்து ஓட்டுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் ஊட்டியிலிருந்து கிளம்பி மேட்டுப்பாளையம் இறங்கியதும் பையைத் திறந்தால், சில்லென்ற லென்ஸில் கீழ்க்காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். மூடிய பையிலேயே ஒரு மணி நேரம் இருக்கட்டும். அதே குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

டேப், சின்ன டிவிடி வைத்து ஓடும் பழைய கேமராவை, புதிய வீடியோ எடுப்பதற்காகச் செகண்ட் ஹேண்டில் வாங்க வேண்டாம். வீட்டில் பழைய மினிடிவி (MiniDV) வீடியோ கேசட்டுகள் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அவற்றைக் கணினிக்கு மாற்ற அந்தக் கேமரா வேண்டும், ஃபயர்வயர் என்னும் பழைய வகை இணைப்புத் துளை உள்ள கணினியும் வேண்டும். கேசட்டிலும் பூஞ்சை பிடிக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். கடையின் இருண்ட மூலையில் ஒரு நிமிடம், நடந்துகொண்டே ஒரு நிமிடம், வாசலில் காற்றில் நின்று யாரையாவது பேசவைத்து ஒரு நிமிடம் எடுங்கள். கேமராவின் குட்டித் திரையில் எல்லாமே அழகாகத் தெரியும், அதை நம்பாமல் கார்டைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.